மோட்டார் இயந்திரமும் முற்றத்துக் கைவினையும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனைச் செய்த தொழிற்சாலைகளின் வரலாற்றையே எழுதி முடித்தனர். ஹென்றி போர்ட் என்ன செய்தார், எந்த நிறுவனம் எத்தனை வண்டி விற்றது என்பன நூல்களில் நிறைய உண்டு. வண்டியை வாங்கியவன் அதனை வீட்டிற்குக் கொண்டுசென்ற பின், ஞாயிற்றுக்கிழமை காலையில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பது வேறொரு வரலாறு. எண்ணெயும் தூசியும் படிந்த இயந்திர அறையைக் கழுவித் துடைத்து, தன் மனத்திற்கேற்ப மாற்றி அமைத்து, அதனைப் பிறர் வந்து காணத்தக்க ஒரு பொருளாக ஆக்கும் வழக்கம் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவிலே உருப்பெற்றது. அதனை உருவாக்கியோர் பெரும்பாலும் இருபது வயதைச் சூழ்ந்த இளைஞர், கையிற் காசில்லாதவர், பட்டம் பெறாதவர்.

இவ்வழக்கத்தின் வேரைத் தேடின் போர்ட் நிறுவனத்தின் "ரி" மாதிரி வண்டிக்குச் செல்லவேண்டும். 1908 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்து 1927 மே மாதம் வரை வெளிவந்த இவ்வண்டி, ஏறக்குறைய 150 இலட்சம் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், 20 குதிரைவலு. தண்ணீரைச் சுற்றியோட்டப் பம்பு கூட இல்லை; சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே அவ்வேலையைச் செய்தது. சில சாவிகளும் ஒரு சுத்தியலும் உடைய கமக்காரன் எவனும் அதனைக் கழற்றிப் பூட்டலாம். பின் சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி வைத்து, அதிற் பட்டியைப் பூட்டி, மரம் அரியவும் தண்ணீர் இறைக்கவும் அமெரிக்கக் கமக்காரர் இதனைப் பயன்படுத்தினர். வண்டி தொழிற்சாலையிலே முற்றுப்பெறுவதில்லை, வாங்கியவன் கையிலேதான் முற்றுப்பெறுகின்றது என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தம் பெயர் பூண்ட நிறுவனத்தை விட்டு விலகிய லூயி செவ்ரோலே, 1920-களில் தம் சகோதரருடன் சேர்ந்து, போர்ட் வண்டியின் வேகத்தைக் கூட்டுவதற்கான சிலிண்டர் தலைகளைச் செய்து விற்றார். போர்ட்டின் உடலுக்குச் செவ்ரோலேயின் தலை!

1932 மார்ச்சில் போர்ட் நிறுவனம் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் பூட்டிய வண்டியை அறிமுகம் செய்தது. பொருளாதார மந்தம் உச்சத்தில் நின்ற வேளை அது. ஹென்றி போர்ட்டுக்கு அப்பொழுது வயது 68. எட்டுச் சிலிண்டர் என்பது அதுவரை செல்வர் வீட்டு வண்டிகளுக்கே உரிய சிறப்பு. சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் அவ்வமைப்பை ஒரே வார்ப்பில் வார்த்தெடுக்கும் வித்தையைக் கைப்பற்றியதனால், போர்ட் அதனை 500 டொலருக்கும் குறைந்த விலையில் விற்க முடிந்தது. 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைவலு. பத்தாண்டு கழியுமுன் இவ்வண்டிகள் பழைய வண்டிச் சந்தைக்கும் உடைந்த வண்டிக் களங்களுக்கும் வந்து குவிந்தன. செல்வர்க்குரியது என்றிருந்த இயந்திரம், பத்திரிகை விற்றும் பெற்றோல் நிலையத்தில் வேலைபார்த்தும் பொருளீட்டிய பையன்களின் கைக்கு எட்டியது இவ்வாறுதான்.

இது ஏன் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது என்ற கேள்வி நியாயமானது. பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் இரும்பு விரைவில் துருப்பிடித்து உதிரும். தென் கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் இருபது வருடத் தகடும் உறுதியாக இருக்கும். ஆண்டு முழுவதும் வீட்டின் வெளியே நின்று வேலை செய்யலாம். லொஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சூழ்ந்து டக்ளஸ், லொக்கீட், நோத்ரொப் ஆகிய விமானத் தொழிற்சாலைகள் எழுந்தமையால், கடைசல் வேலையும் அலுமினிய வார்ப்பும் அறிந்தோர் தெருவுக்குத் தெரு இருந்தனர். மலைக்கு அப்பால் மொஹாவே பாலைவனத்தில், வற்றி இறுகிய ஏரிப் படுகைகள் மைல் கணக்கில் மேசைபோற் சமதளமாய்க் கிடந்தன. வேகத்தை அளந்து பார்க்க அதனினும் ஏற்ற நிலம் இல்லை.

இனி, அந்தப் பையன் பழைய போர்ட் ஒன்றை வாங்கி வந்து பொனட்டைத் திறந்த காட்சியைக் காண்போம். எதிரே சுருங்கலான ஓர் அறை. நடுவில் வார்ப்பிரும்புப் பாளம். அதன் உச்சியில் மின்பிறப்பி, அதன் தண்டிலேயே காற்றாடி. தீப்பொறி பங்கிடும் கருவியோ முன்புறத்தில், எளிதிற் கை எட்டாத பள்ளத்தில் இருக்கும். தொழிற்சாலை பூசிய பச்சை வர்ணம் எங்கேனும் ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும். மற்றெல்லாம் எண்ணெயும் தெருத் தூசியும் ஒன்றாய்க் காய்ந்து கட்டிய கரும்பிசின். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்தலே. மரச் சிராயாலும் மழுங்கிய கத்தியாலும் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைப்பர். அவசரக்காரர் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெற்றோலைப் பாவித்தனர். மூடிய கராஜில் அதன் ஆவி நிறைந்து, எங்கிருந்தோ ஒரு பொறி பட்டு, வண்டியோடு வீடும் எரிந்துபோக வல்ல பழக்கம் அது.

இயந்திரத்தை முற்றாகக் கழற்றியவர் அதனை வேலைத்தலத்திற்குக் கொண்டுசென்று, எரிசோடா கரைத்த கொதிதொட்டியில் இறக்குவர். இரும்பிற் படிந்த எண்ணெய், வர்ணம், அழுக்கு அனைத்தும் கழன்று, வார்ப்புச் சாலையை விட்டு வந்த நாளிற்போல் அது வெளியே வரும். ஆனால் எரிசோடா இரும்பைத் தின்னாது; அலுமினியத்தைத் தின்னும். பல வாரக் கூலியைச் சேமித்து வாங்கிய அலுமினியச் சிலிண்டர் தலையை அறியாமல் அத்தொட்டியில் இட்டவன், அரிக்கப்பட்டுக் குழி விழுந்த உலோகத்தையே திரும்பப் பெறுவான். பள்ளிக்கூடத்து இரசாயன வகுப்பில் உறங்கியவனும் அன்று ஒரு பாடம் கற்றிருப்பான்.

சுத்தம் செய்த பாளத்தின் உட்புறத்தில் சிலர் கிளிப்டல் என்னும் செந்நிற வர்ணத்தைப் பூசினர். அது மின்மோட்டார்ச் சுருள்களுக்குக் காப்பாகப் பூசும் பொருள். வார்ப்பின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் மணலை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தங்காது வழிந்தோடும். இவ்வர்ணம் இயந்திரத்தைப் பூட்டியபின் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, இவ்விளைஞர் செய்ததெல்லாம் வெளிப்பகட்டே எனத் தள்ளிவிடுவார் கூற்று பொருந்தாது.

இவ்வியந்திரத்திற்கு ஒரு பிறவிக்குறை இருந்தது. எரிந்த புகை வெளியேறும் வழிகள் சிலிண்டர்களுக்கிடையே, தண்ணீர் சூழ்ந்த பாளத்தினூடாகச் சென்றன. வெளியே போகவேண்டிய வெப்பம் தண்ணீரில் ஏறியது. வெயிற்காலத்தில் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர்ப் பம்புகளைச் சிலிண்டர் தலையினின்று பாளத்திற்கு மாற்றி 1937-இல் நிறுவனம் ஓரளவு திருத்தியது. இளைஞரோ தத்தம் வழியிற் பரிகாரம் தேடினர். பொனட்டின் பக்கத் தகடுகளில் வரிசை வரிசையாகப் பிளவு வெட்டிக் காற்றுப் போகவிட்டனர். பலர் பக்கத் தகடுகளையே கழற்றி எறிந்தனர். பொனட்டையே வீட்டில் விட்டுவிட்டு வந்தோரும் உளர். பொனட் போனபின் இயந்திரம் வீதியிற் செல்வோர் யாவர் கண்ணிலும் பட்டது. பிறர் காணும் இடம் என்றான பின் அதனை அழுக்காய் வைத்திருக்க எவன் மனம் ஒப்பும்?

ஏரிப் படுகை ஓட்டங்கள் 1920-களிலேயே தொடங்கிவிட்டன. அவற்றுட் பெயர்பெற்றது முறொக் என்னும் இடம். ஒழுங்கற்ற காலத்தில் பல வண்டிகள் அருகருகே ஒரே நேரத்தில் பாயும். முன்னே செல்வது எழுப்பும் புழுதியில் பின்னே வருபவனுக்கு எதுவும் தெரியாது. பில் வையண்ட் என்னும் இளைஞர் 1930-களில் அங்கு நேர்ந்த விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அவர் பின்னாளில் இயந்திர உறுப்புகள் செய்யும் தொழிலைத் தொடங்கி, நாடறிந்த பெயர் பெற்றார். இத்தகைய விபத்துகளுக்கிடையே 1937-இல் இளைஞர் சங்கங்கள் பல ஒன்றுகூடித் தென் கலிபோர்னிய வேகச் சங்கத்தை அமைத்தன. ஓட்டத்திற்குமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்தறியும் வழக்கம் வேரூன்றியது. பெற்றோல் குழாய் உறுதியாக உள்ளதா, எண்ணெய் கசிகிறதா, சுழற்றும் பொறி தளர்ந்துள்ளதா எனப் பார்ப்பர். அழுக்கு மூடிய இயந்திரத்திற் கசிவு தெரியாது. துடைத்த இயந்திரத்தில் ஒரு துளி எண்ணெயும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கு 100 மைலுக்கு மேற் செல்பவனுக்கு அந்த ஒரு துளி உயிர்ப்பிரச்சினை.

இக்காலத்தவருள் விக் எடெல்புறொக் குறிப்பிடத்தக்கவர். 1913-இல் கன்சாஸ் மாநிலத்திற் பிறந்து, மந்தக் காலத்தில் கலிபோர்னியாவுக்கு வந்து, சிறிய பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். 1938-இல் 1932-ஆம் ஆண்டு போர்ட் ஒன்றை வாங்கினார். ஒரு காபரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டுவதற்கு ஓர் அலுமினியக் குழாயமைப்பை அவர் வகுத்தார். கவண்வில் என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வழங்கியது. அந்த வண்டியிலே வாரநாளிற் கடைக்குப் போவார். ஓட்டத்தன்று விளக்குகளையும் சேறுதடுப்புத் தகடுகளையும் கழற்றிவிட்டுப் படுகையில் ஓட்டுவார். 1941 நவம்பர் 16-ஆந் திகதி ஏரிப் படுகையில் அது மணிக்கு 121.42 மைல் வேகத்தை எட்டியது. மூன்று வாரம் கழித்துப் பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது.

போர் இவ்விளையாட்டை நிறுத்திவிட்டது. 1942 பெப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான மோட்டார் வண்டி உற்பத்தி நின்றது. பெற்றோலும் ரயரும் பங்கீட்டுக்கு உட்பட்டன. முறொக் படுகை விமானப்படைக்குரியதாயிற்று. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தவர் அவ்வாண்டே முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, வண்டிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுச் சென்ற குடும்பங்கள் பல. பற்றாக்குறை மனிதனின் கைத்திறனைத் தூண்டும் என்பதற்கு யாழ்ப்பாணத்தவருக்குப் பிற நாட்டு உதாரணம் வேண்டியதில்லை. 1990-களில் பெற்றோல் கிடையாத அந்நாட்களில், பழைய ஆஸ்டின், மொறிஸ் வண்டிகளின் காபரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். கலிபோர்னிய இளைஞன் இயந்திரத்தை மாற்றியது வேகத்திற்காக. இங்கு மாற்றியது நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பதற்காக.

போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர், விமானத்தையும் தாங்கியையும் பழுதுபார்த்துப் பழகிய கையோடு வந்தனர். ஆர்மீனியக் குடும்பத்தவரான எட் இஸ்கெண்டேரியன் என்பார், சாதாரண உருளை அரைக்கும் பொறியொன்றைத் தாமே மாற்றியமைத்து, இயந்திரத்தின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளைச் செதுக்கி விற்கத் தொடங்கினார். எடெல்புறொக் 1946-இல் தம் உறுப்புகளுக்கான விலைப்பட்டியலை அச்சிட்டார். முன்பு உடைந்த வண்டிக் களத்திற் பொறுக்கியவற்றை இப்பொழுது அஞ்சலில் வரவழைக்கலாம் என்றாயிற்று.

இதே வேளையில் எதிர்ப்பும் மூண்டது. இரவில் வீதியில் நடந்த பந்தயங்களும் விபத்துகளும் பத்திரிகைகளில் இடம்பெற்றன. மாற்றியமைத்த வண்டி என்றாலே போக்கிரிகளின் வண்டி என்னும் எண்ணம் பரவியது; இவற்றை முற்றாகத் தடைசெய்ய வேண்டுமென்ற குரலும் எழுந்தது. வேகச் சங்கத்தார் இதற்கு விடையாக 1948 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலீஸ் நகரின் படைக்கலச் சாலை மண்டபத்தில் ஒரு கண்காட்சியை நடத்தினர். அக்காட்சியிலேதான் ரொபர்ட் பீட்டர்சன் என்னும் இளைஞர், தாமும் நண்பர் ஒருவரும் தொடங்கிய "ஹொட் றொட்" சஞ்சிகையின் முதல் இதழை, பிரதி 25 சதமாக விற்றார். பிற்காலத்தில் அவர் பெரும் பதிப்பாளராக விளங்கினார்.

அம்மண்டபத்தில் வண்டிகளின் பொனட்டுகள் திறந்து நின்றன. பெற்றோரும் பொலிசாரும் உள்ளே குனிந்து பார்த்தனர். கட்டிய கம்பியும் ஒழுகும் எண்ணெயுமாக ஒரு குப்பைமேட்டை எதிர்பார்த்தவர்க்கு, வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை மேசை போன்ற ஒழுங்கு காணக் கிடைத்தது. மின்கம்பிகள் நேர்கோட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன; செப்புக் குழாய்கள் அளவாய் வளைந்து மின்னின; அலுமினியத் தலைகள் கண்ணாடிபோல் மெருகூட்டப்பட்டிருந்தன. இப்படியொரு வேலையைப் பொறுமையோடு செய்து முடித்தவன் வீதியிற் போக்கிரியாய் இருப்பானா என்னும் வினாவை அவ்வியந்திரங்கள் தாமே எழுப்பின. வினாவுக்கு விடை எப்பொழுதும் சாதகமாய் இருந்தது என்று சொல்வதற்கில்லை. அழகிய வண்டியிலும் அறிவிலி ஏறியமர்வதுண்டு. ஆயினும் தடைசெய்யும் முயற்சி வலுவிழந்தது. 1949 ஓகஸ்டில் யூட்டா மாநிலத்து பொனவில் உப்புவெளியில் ஓடுவதற்கு இளைஞர் அனுமதி பெற்றனர். 1951-இல் வொலி பார்க்ஸ் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார்.

1950-இல் ஒக்லண்ட் நகரிற் கண்காட்சி தொடங்கி, மிக அழகிய வண்டிக்கு ஒன்பதடி உயரக் கிண்ணம் பரிசாக வழங்கினர். பில் நீகாம்ப் என்பாரின் வண்டி முதற் பரிசைப் பெற்றது. இதன்பின் இயந்திர அறையின் போக்கு சற்றே மாறியது என்று கூறவேண்டும். இயந்திரத்திற்கும் ஓட்டுநருக்கும் இடையேயுள்ள தீத்தடுப்புத் தகட்டின் துளைகளை எல்லாம் ஒட்டி மூடி, ஈயம் உருக்கி நிரப்பி, உராய்ந்து, பீங்கான்போல் வழவழப்பாக்கினர். கம்பிகளைத் தகட்டின் பின்னே மறைத்தனர். அகப்பட்ட உறுப்புகளுக்கெல்லாம் குரோமிய முலாம் பூசினர். புகைக்குழாய்க்குப் பூசிய குரோமியம் சூட்டில் நீலம் பாய்ந்து அழகு கெடும் என்பதை அறிந்தும் பூசினர். கண்காட்சிக்கு இழுவை வண்டியில் வந்து இழுவை வண்டியிலேயே திரும்பும் வண்டிகள் தோன்றின. ஓடாத இயந்திரத்தின் தூய்மையைத் தூய்மை எனல் சாலாது. எண்ணெய் சூடேறிய பின்பும் துளி கசியாது நிற்பதே இயந்திரத்தின் தூய்மை.

அந்தப் பளபளப்புக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. முலாம் பூசும் தொட்டியிலிருந்து எழும் குரோமிய ஆவி புற்றுநோயை விளைப்பது. மூடுதட்டுகளிலும் பிரேக்கிலும் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. பெற்றோலில் ஈயம் இருந்தது. தகட்டை நிரப்ப உருக்கியதும் ஈயமே. இவற்றை வெறுங்கையால் தொட்டு, தூசியை ஊதித் தள்ளி, உடையோடு வீட்டிற்குள் சென்றோர் ஆயிரம் ஆயிரம். 2023-இல் கலிபோர்னியாவின் வளிமண்டலச் சபை, அலங்காரத்திற்காக அவ்வகைக் குரோமிய முலாம் பூசுவதைப் படிப்படியாக நிறுத்தும் விதியை இயற்றியது. இவ்வழக்கம் பிறந்த மண்ணிலேயே அதன் பளபளப்புக்குத் தவணை குறிக்கப்பட்டது.

போர்ட்டின் பழைய இயந்திரம் அமெரிக்க வண்டிகளில் 1953 வரை நீடித்தது. 1955-இல் செவ்ரோலே நிறுவனம் 265 கன அங்குல எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டதும், இளைஞர் கூட்டம் தயக்கமின்றி அப்பக்கம் சாய்ந்தது. பின்பு புகைமூட்டத்தின் காலம் வந்தது. லொஸ் ஏஞ்சலீஸ் நகரின் வானத்தை மறைத்த புகையிற் பெரும்பகுதி வண்டிகளினுடையது. 1966-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் கலிபோர்னியா புகைக்கு எல்லை விதித்தது. 1975 முதல் வினையூக்கிக் கலங்கள் பொருத்தப்பட்டன. 1984 முதல் முறையான புகைச் சோதனை நடைமுறைக்கு வந்தது. சோதிப்பவர் குழாயில் வரும் புகையை மட்டும் பார்ப்பதில்லை. பொனட்டைத் திறந்து, நிறுவனம் வைத்த உறுப்புகள் வைத்த இடத்தில் உள்ளனவா என்றும் பார்ப்பார். குழந்தைகளின் நெஞ்சு எரிந்துகொண்டிருக்க, ஒருவன் தன் முற்றத்துச் சுதந்திரத்தைப் பேசிக்கொண்டிருத்தல் முறையன்று; இச்சட்டங்கள் வேண்டப்பட்டவையே. எனினும் வீட்டுக் கைவினைஞனுக்கு இயந்திர அறை இரவல் வீடு போலாயிற்று. 1996 முதல் நாட்டின் எல்லாப் புதிய கார்களும் ஒரே முறையான மின்னணுக் கண்காணிப்பைப் பெற்றன. பொனட்டைத் திறந்தால் கறுத்த பிளாஸ்ரிக் மூடியே எதிர்ப்படும்.

1997-இல் பெபிள் பீச் என்னும் இடத்தில், செல்வந்தரின் பழம்பெரும் வண்டிகள் மட்டுமே நின்ற புற்றரையில், மாற்றியமைத்த வண்டிகளுக்கும் முதன்முறையாக ஒரு பிரிவு ஒதுக்கப்பட்டது. டோன் ஸ்பென்சர் 1940-களில் தம் கைப்பட உருவாக்கிய 1932 போர்ட் அதில் முதலிடம் பெற்றது. இவ்வகைப் பழைய வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1975-ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் சட்டம் விலக்களித்துள்ளது.

அதே பத்தாண்டில், லொஸ் ஏஞ்சலீஸ் நகரின் புறப்பகுதிகளில், ஆசிய வமிசத்து இளைஞர் பலர் பழைய ஹொண்டா சிவிக் வண்டிகளின் பொனட்டைத் திறந்தனர். விலை மலிவு, பாரம் குறைவு, உறுப்பு எங்கும் கிடைக்கும். 1932 போர்ட்டை அவர்களின் தாத்தா காலத்தவர் விரும்பியதற்கும் இவையே காரணங்கள். கம்பிக் கட்டுகளைச் சக்கர வளைவின் உட்புறமாக இழுத்து மறைத்தனர்; வேண்டாத தாங்கிகளை வெட்டி, துளைகளை ஒட்டி, அறை முழுவதற்கும் ஒரே வர்ணம் பூசினர். இவர்களின் வண்டிக்கு விலக்கு இல்லை. ஈராண்டுக்கு ஒருமுறை சோதனை நாள் நெருங்கும்போது, கழற்றிப் பெட்டியிற் கட்டிவைத்த குழாய்களையும் கலங்களையும் மீண்டும் எடுத்துப் பூட்டி, சான்றிதழ் கைக்கு வந்த மாலையே திரும்பவும் கழற்றத் தொடங்குவோர் அவர்களுள் உண்டு.